வாசலில் நிற்கும் அண்ணன்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. அந்த நேரத்தில் ஒரு போதகருக்கு வரும் அழைப்பு பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்தோ துக்க வீட்டிலிருந்தோதான் வரும். செருப்பைக் கண்களால் தேடிக்கொண்டே எடுத்தேன். பேசியவர் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் நம் சபை வாலிபர் ஒருவர். “ஐயா, ஒரு கதையை முடிக்க முடியவில்லை. காலையில் இங்கே வர முடியுமா?” என்றார்.

தொடருமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை எழுத அந்த வாலிபரும் அவருடைய வீட்டாரும் எனக்கு அனுமதி தந்திருக்கிறார்கள். இன்னார் என்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆகவே யாரென்று தேடாதீர்கள். தேடிப் புறப்பட்டால், உங்கள் வீட்டு வாசலிலேயே போய் நிற்க நேரலாம்.

மறுநாள் விடியுமுன் ராஜபாளையத்தில் பேருந்து ஏறினேன். இரவு வேலை முடிந்து நூற்பாலைகளிலிருந்து வந்தவர்கள் தலையில் பஞ்சுத்தூசியோடு அமர்ந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது இடப்பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை மெல்ல வெளுத்தது. ஆண்டாள் கோயில் கோபுரம் இருளைவிட்டுத் தனியாகப் பிரிந்து தெரிந்தது. அங்கிருந்து இன்னொரு வண்டி பிடித்து அந்தக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பெரிய மண்டபம். தரையெங்கும் மின்கம்பிகள். மடிக்கணினிகளுக்கு இடையே பாய், போர்வை, தண்ணீர்ப் பாட்டில், பாதி தின்ற பரோட்டாப் பொட்டலம். இதற்கு ‘ஹேக்கத்தான்’ என்று பெயர். மராத்தான் ஓட்டத்தைப்போல, நிரல் எழுதும் பிள்ளைகள் குழுக்களாகக் கூடி, குறித்த நேரத்துக்குள் ஒன்றைப் புதிதாகச் செய்து காட்ட வேண்டும். 2017 முதல் நடந்துவரும் ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ போட்டியின் மென்பொருள் பிரிவில் 36 மணிநேரம் இடைவிடாமல் உழைப்பார்கள். அதைப் பார்த்துக் கல்லூரிகள் தாங்களும் இத்தகைய போட்டிகளை நடத்துகின்றன. இங்கும் அதே 36 மணிநேரம். வெள்ளி காலை எட்டு மணிக்குத் தொடங்கியது, சனி இரவு எட்டு மணிக்கு முடிய வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்களுக்கு இன்னும் பதினான்கு மணிநேரம் மிச்சமிருந்தது.

நான்கு பேர் கொண்ட குழு அது. அவர்கள் செய்துகொண்டிருந்தது ஒரு விளையாட்டு. படம் இல்லை, துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. திரையில் ஒரு கதை தமிழில் தொடங்கும். ஓரிடத்தில் நின்று, “நீ என்ன செய்கிறாய்?” என்று கேட்கும். நாம் எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். நாம் எழுதியதை எடுத்துக்கொண்டு செயற்கை நுண்ணறிவு அடுத்த காட்சியை எழுதும். மீண்டும் கேட்கும். இரண்டு பேர் விளையாடினால் இரண்டு கதை. ஒரே ஆள் இரண்டு முறை விளையாடினாலும் இரண்டு கதை.

“இது உங்கள் சொந்த யோசனையா?” என்று கேட்டேன்.

“இல்லை ஐயா. இதற்கு முன்னோடியும் ஒரு ஹேக்கத்தானில்தான் பிறந்தது” என்றார் குழுவில் இருந்த ஒரு மாணவி. 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் நிக் வால்டன் என்ற மாணவர் ஒரு ஹேக்கத்தானில் இதைச் செய்து பார்த்தாராம். அதற்கு முந்தைய மாதம்தான் ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘ஜிபிடி-2’ என்ற மொழி மாதிரியை அறிவித்திருந்தது. வால்டனின் விளையாட்டு ‘ஏஐ டஞ்சன்’ என்று பெயர் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் அந்த மொழி மாதிரியின் முழு வடிவம் வெளியானதும், டிசம்பரில் அதைக் கொண்டு இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். உலகெங்கும் ஆட்கள் வந்து குவிந்தார்கள்.

அந்த மாணவி சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் உங்களுக்குச் சொல்கிறேன். இந்த இயந்திரத்துக்குக் கதை தெரியாது. மனிதர் எழுதிய ஏராளமான எழுத்தை அதற்குள் செலுத்தி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரத் தகும் என்று கணிக்கப் பழக்கியிருக்கிறார்கள். அது ஒவ்வொரு துண்டாகக் கணித்துக் கணித்துப் பக்கங்களை நிரப்புகிறது. ஒரே நேரத்தில் அது கண்முன் வைத்துக்கொள்ளக்கூடிய எழுத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஜிபிடி-2க்கு அந்த எல்லை 1,024 துண்டுகள். இப்போதுள்ளவற்றுக்கு எல்லை பன்மடங்கு பெரிது. ஆயினும் எல்லை எல்லைதான். தமிழைப் பல மாதிரிகள் ஆங்கிலத்தைவிடச் சிறு சிறு துண்டுகளாக நறுக்குவதால், நம் மொழிக் கதைக்கு அந்த இடம் விரைவில் நிரம்பிவிடுகிறது. செலவும் கூடுகிறது. செலவை மிச்சப்படுத்த இந்தப் பிள்ளைகள் கடைசி சில பக்கங்களை மட்டுமே இயந்திரத்துக்குக் கொடுத்துவந்தார்கள்.

“சரி தம்பி, கதை என்ன?” என்று என்னை அழைத்த வாலிபரிடம் கேட்டேன்.

அவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். “விளையாடிப் பாருங்கள் ஐயா.”

கதை சத்திரப்பட்டியில் தொடங்கியது. ராஜபாளையத்தை அடுத்த அந்த ஊரை உங்களுக்குத் தெரியும். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி அங்கே நெய்யப்பட்டு எங்கெங்கோ போகிறது. அண்ணன் தம்பி இருவர். அப்பா விட்டுச்சென்ற பன்னிரண்டு விசைத்தறிகள். பாகம் பிரிக்கும்போது ஒரு சொல் தடித்தது. அன்று நின்ற பேச்சு ஒன்பது ஆண்டுகளாக நின்றே இருக்கிறது. இடையில் தாய் இறந்துபோனார். அடக்க ஆராதனையில் இருவரும் பெட்டியின் இரு பக்கத்தில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். இப்போது தாயின் நினைவு நாள். நீதான் தம்பி. பேருந்திலிருந்து இறங்கி வருகிறாய். அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறார். நீ என்ன செய்கிறாய்?

எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த அடக்க ஆராதனையை நடத்தியவன் நான். அந்த இரண்டு பிடி மண் விழுந்த ஓசை எனக்கு நினைவிருக்கிறது. அண்ணனும் தம்பியும் இன்றைக்கும் நம் ஆலயத்தில் இரு வேறு வரிசைகளில் உட்காருகிறார்கள். தம்பியின் மகன்தான் என் அருகே உறக்கமில்லாத கண்களோடு உட்கார்ந்திருந்த அந்த வாலிபர்.

நான் தட்டச்சு செய்தேன்: “பேசாமல் நிற்கிறேன்.”

இயந்திரம் நொடியில் எழுதியது. அண்ணனுடைய கண்கள் கலங்கின, ஓடி வந்து தம்பியைக் கட்டிக்கொண்டார், ஊரே மகிழ்ந்தது. நான் ஒரு சொல்லும் பேசவில்லை. ஒன்பது ஆண்டுக் கசப்பு நான்கு வரியில் கரைந்துவிட்டது.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை, “வந்த வழியே திரும்பிப் பேருந்தில் ஏறுகிறேன்” என்று எழுதினேன். இயந்திரம் என் தன்மானத்தைப் பாராட்டியது. கோயம்புத்தூரில் எனக்குப் புதிய வாழ்க்கை, நல்ல நண்பர்கள், மன அமைதி எல்லாம் அமைத்துக் கொடுத்தது. மூன்றாம் முறை, சோதிப்பதற்காகவே, “தறிகளுக்குத் தீ வைக்கிறேன்” என்று எழுதினேன். அதையும் அழகாக வருணித்தது. என் கோபத்தில் நியாயம் இருப்பதாகக் கதையில் வரும் அண்டைவீட்டுக்காரரைச் சொல்லவும் வைத்தது.

அந்த மூன்றாவது ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. கதை நீண்டுகொண்டே போக, தொடக்கப் பக்கங்கள் இயந்திரத்தின் எல்லையைவிட்டு நழுவிவிட்டன. ஓரிடத்தில், “உள்ளேயிருந்து அம்மா காப்பித் தம்ளரோடு வந்தார்” என்று எழுதியது. முதல் பக்கத்தில் இறந்துபோன அம்மா!

மற்ற மூவரும் சிரித்தார்கள். அந்த வாலிபர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எங்கள் அப்பத்தா அப்படித்தான் வருவார்கள் ஐயா” என்றார்.

பிரியமானவர்களே, அந்த அப்பத்தாவை நானும் அறிவேன். கதை சொல்வதில் அவருக்கு நிகர் யாருமில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அவர் திண்ணையில் போய் விழுந்து கிடப்பார்கள். அவர் ஒரு நிபந்தனை வைப்பார்: கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ வராவிட்டால் கதை நின்றுவிடும். ‘ம்’ தேய்ந்தால் பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்வார். ‘ம்’ நடுங்கினால் பிள்ளை பயந்துவிட்டது என்று அறிந்து, பேயைக் கதையிலிருந்து விரட்டிவிடுவார். அன்று வகுப்பில் அடி வாங்கிவந்த பிள்ளைக்கு, கதையில் அடி வாங்கிய குருவி ஒன்று வந்து சேரும். கேட்பவர் சொல்லுக்கேற்பக் கதை வளைவது புதிய கண்டுபிடிப்பு என்று சொன்னால் அவர் சிரித்திருப்பார். அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு வேதாளத்தையும் நினைவிருக்கும். ஒவ்வொரு கதையின் முடிவிலும் அது ஒரு கேள்வி கேட்கும். விக்கிரமன் பதில் சொன்னால்தான் அடுத்த கதைக்கு வழி பிறக்கும்.

அப்படியானால் அப்பத்தாவுக்கும் இயந்திரத்துக்கும் வேறுபாடு என்ன? அப்பத்தா எல்லாவற்றுக்கும் இணங்கமாட்டார். “அப்புறம் ராசா அந்தத் தம்பியைக் கொன்னுபோட்டான்னு சொல்லு அப்பத்தா” என்று ஒரு பிள்ளை கேட்டால், கதையை நிறுத்திவிட்டு, “உன் தம்பியோட இன்னைக்குச் சண்டையா?” என்று கேட்பார். கதையைவிட, எதிரே இருக்கும் பிள்ளைதான் அவருக்குப் பெரிது. இத்தகைய இயந்திரங்களையோ, மனிதர்கள் எந்தப் பதிலை விரும்புகிறார்கள் என்று மதிப்பெண் இடச்செய்து பழக்குகிறார்கள். அதனால் நமக்குப் பிடித்ததைச் சொல்லும் இயல்பு அவற்றுக்கு எளிதில் வந்துவிடுகிறது. நான் சமாதானம் கேட்டால் சமாதானம், தீ கேட்டால் தீ.

காலை எட்டு மணிக்கு மேல் அந்த வாலிபரும் நானும் தேநீர் குடிக்க வெளியே போனோம். அப்போது அவர் சொன்னார்: “அப்பத்தா திரும்பி வராமல் தடுக்க வழி இருக்கிறது ஐயா. மாறக் கூடாத செய்திகளைத் தனியே ஒரு குறிப்பாக எழுதி, ஒவ்வொரு முறையும் கதையோடு சேர்த்து இயந்திரத்துக்குக் கொடுத்துவிடலாம். அம்மா இறந்துவிட்டார். தறிகள் பன்னிரண்டு. ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சில்லை. அதைச் செய்துவிடுவோம். ஆனால் முடிவைத்தான் சரிசெய்ய முடியவில்லை. எப்படி விட்டாலும் அது ஒரு முடிவைக் கட்டிவைத்துவிடுகிறது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் நடக்கவில்லையே?”

பிறகு, தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, மிகுந்த மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, நீங்கள் பெரியப்பா வீட்டுக்கு இதைப் பற்றிப் பேசப் போனதுண்டா?”

நான் அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்கு முன் ஜெபிக்கப் போனேன். ஸ்தோத்திரக் கூட்டத்துக்குப் போனேன். சங்கத்துக் காணிக்கை வாங்கப் போனேன். இதைப் பற்றிப் பேச ஒருமுறையும் போகவில்லை. இரண்டு குடும்பங்களும் ஆலயத்துக்கு ஒழுங்காக வருகிறார்கள். எதையாவது கிளறி, ஒரு குடும்பம் வராமல் போய்விட்டால்? இதுதான் என் கணக்கு. இதற்கு ஞானம் என்று நானே பெயர் வைத்திருந்தேன். அந்த இயந்திரத்தைப்போல நானும் அண்ணனிடம் போனால் அண்ணனுக்கு இசைந்தும், தம்பியிடம் போனால் தம்பிக்கு இசைந்தும் ஒன்பது ஆண்டுகள் கடத்தியிருக்கிறேன்.

“இல்லை தம்பி. போனதில்லை” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

நாங்கள் திரும்பியபோது அந்த மாணவி இன்னொரு செய்தி வைத்திருந்தார். உங்களுக்கும் அது பயன்படும். தட்டச்சு செய்து விளையாடும் இத்தகைய கதைகளின் மூலத்தைத் தேடிப் போனால் வில் க்ரௌதர் என்ற மனிதர் நிற்கிறார். அமெரிக்காவில், இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலைப்பின்னலை அமைத்த பொறியாளர்களில் ஒருவர். அவரும் அவர் மனைவியும் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகையில் இறங்கி, அதன் வழிகளை வரைபடமாக்கும் பணியில் ஈடுபட்டவர்கள். பிறகு அவர்களுடைய திருமண வாழ்வு முறிந்தது. பிள்ளைகளோடு இருந்த நெருக்கம் குறைந்ததை உணர்ந்த க்ரௌதர், 1975–76 காலத்தில் தம் இரு பெண்மக்களுக்காக ஒரு விளையாட்டை எழுதினார். குகைக்குள் போகலாம், விளக்கை எடுக்கலாம், வடக்கே நடக்கலாம். எல்லாவற்றையும் ஓரிரு சொற்களில் தட்டச்சு செய்தால் போதும். கணினி தெரியாதவர்களும் மிரளாமல் விளையாடவேண்டும் என்பதற்காகவே சாதாரணச் சொற்களை ஏற்கும்படி செய்தார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். இவ்வகை விளையாட்டுகள் எல்லாம் அந்தக் குகையின் வழித்தோன்றல்கள்.

ஒரு தகப்பன், தன்னைவிட்டு விலகிப்போன பிள்ளைகளின் கையைப் பிடிக்க ஒரு குகை செய்தான். இதைக் கேட்டதும் அந்த வாலிபர் தலைநிமிர்ந்தார். அவர் செய்துகொண்டிருந்ததும் அதுதானே! பரிசுக்காகத் தொடங்கிய வேலை என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் தம் அப்பாவையும் பெரியப்பாவையும் ஒரு வாசலில் சந்திக்கவைக்க, 36 மணிநேரம் உறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் எனக்கு இரண்டு வேதக் கதைகள் நினைவுக்கு வந்தன. இரண்டையும் நீங்கள் அறிவீர்கள்.

ஒன்று, இரண்டாம் சாமுவேல் 12ஆம் அதிகாரம். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொல்கிறார். ராஜா கதைக்குள் இறங்கிவிடுகிறார். கோபம் மூண்டு, அந்த ஐசுவரியவானுக்குத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். அந்தக் கணத்தில்தான் நாத்தான், அந்த ஐசுவரியவான் யார் என்று சுட்டிக்காட்டுகிறார். கேட்பவரைக் கதைக்குள் இழுத்து, அவரையே முடிவெடுக்கவைத்து, அந்த முடிவிலே அவரை நிறுத்திய கதை அது. ராஜா விரும்பியதை நாத்தான் சொல்லவில்லை. உரியாவைக் கொல்லத் துணிந்த ராஜாவின் முன்னே, தம் உயிரைப் பணயம் வைத்துச் சொன்னார். இயந்திரத்துக்கு இழக்க எதுவுமில்லை. ஆகவே அது நாத்தானாக ஆக முடியாது.

மற்றொன்று, லூக்கா 15ஆம் அதிகாரம். கெட்ட குமாரனின் உவமை என்று நாம் அதை அழைக்கிறோம். ஆனால் அது முடிவது மூத்த குமாரனிடத்தில். இளையவன் வந்துவிட்டான். உள்ளே விருந்து நடக்கிறது. வயலிலிருந்து வந்த அண்ணன் உள்ளே போக மனமில்லாமல் வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அத்தோடு கதை நின்றுவிடுகிறது. அண்ணன் உள்ளே போனானா? ஆண்டவர் சொல்லவில்லை. எதிரே முறுமுறுத்துக்கொண்டு நின்ற பரிசேயரும் வேதபாரகரும்தான் அதை முடிக்கவேண்டியவர்கள். அவர்கள் காலடியில் கதையை விட்டுவிட்டு அவர் அமைதியாகிவிட்டார்.

இந்த உவமையை எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் என் சொந்த முடிவைக் கட்டிவிட்டு, ஆசீர்வாதம் கூறி, உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆண்டவர் திறந்துவைத்த கதவை நான் ஞாயிறுதோறும் சாத்திவிட்டுப் போயிருக்கிறேன்.

“தம்பி, முடிவை எழுதவேண்டாம்” என்றேன். “வாசல்வரைக்கும் இயந்திரம் எழுதட்டும். அங்கே அதை நிறுத்திவிடுங்கள்.”

நால்வரும் கூடிப் பேசினார்கள். வாதம் நடந்தது. முடிவில்லாத விளையாட்டை யார் விளையாடுவார் என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். இறுதியில் இவ்வாறு செய்தார்கள்: வாசலுக்கு வருமுன் விளையாடுகிறவர் எவ்வழியே வேண்டுமானாலும் போகலாம். மாறாச் செய்திகளின் குறிப்பு ஒவ்வொரு முறையும் இயந்திரத்தோடு போகும். வாசலில் “நீ என்ன செய்கிறாய்?” என்று கேட்டு, பதிலை வாங்கிக்கொண்டு, இயந்திரம் வாய்மூடிக்கொள்ளும். திரையில் ஒரு வரி மட்டும் தோன்றும்: “இதற்கு மேல் அண்ணன்தான் பேசவேண்டும்.”

அன்றிரவு அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. “நல்ல தொடக்கம், ஆனால் முழுமையடையவில்லை” என்று நடுவர்கள் சொன்னார்களாம். நடுவர்களை நான் குறைசொல்லமாட்டேன். முழுமையடையவில்லை என்பது உண்மைதானே. திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, நால்வரும் காசு சேர்த்துப் பால்கோவா வாங்கித் தின்றார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை. இத்தகைய விளையாட்டுகள் உங்கள் பிள்ளைகளின் கைப்பேசியில் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ‘ஏஐ டஞ்சன்’ விளையாட்டில் 2021ஆம் ஆண்டு என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுவர் சிறுமியரை இழிவுபடுத்தும் காட்சிகளைச் சிலர் அதில் எழுதவைத்தது தெரியவந்தது. நிறுவனம் ஒரு வடிகட்டியை அமைத்தது. அதில் குற்றமற்ற கதைகளும் சிக்கின. சந்தேகத்துக்குரிய கதைகளை மனிதர்கள் எடுத்துப் படிக்கக்கூடும் என்று தெரிந்ததும், தனியறை என்று நம்பி எழுதிய பலர் கொதித்துப்போனார்கள். நாம் இழுத்த பக்கமெல்லாம் இயந்திரம் வரும் என்பது ஒரு பாடம். அது நாம் நினைப்பதுபோலத் தனியறை அல்ல என்பது மற்றொரு பாடம். ஆகவே பிள்ளையின் கையிலிருந்து பிடுங்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். “இந்தக் கதையில் நீ யார்?” என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது ‘ம்’ கொட்டுங்கள். இயந்திரத்திடம் மட்டும் சொல்லப்படும் துக்கம் ஒரு வீட்டில் இருக்குமானால், அந்த வீட்டில் ‘ம்’ கொட்ட ஆளில்லை என்று பொருள்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நான் பெரியவர் வீட்டுக்குப் போனேன். பையில் வேதாகமம் இருந்தது, திறக்கவில்லை. “உங்கள் தம்பியைப் பற்றிக் கேட்க வந்தேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். பிறகு பேச ஆரம்பித்தார். ஒன்றரை மணிநேரம் பேசினார். பன்னிரண்டு தறிகளில் எட்டாவது தறி அவர் தம் திருமண மோதிரத்தை அடகுவைத்து வாங்கியது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒன்பது ஆண்டுகளில் அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. நான் ‘ம்’ மட்டும் கொட்டினேன். போதகனாகி இத்தனை ஆண்டுகளில், புத்திமதி ஏதும் கூறாமல் நான் விட்டுவந்த முதல் வீடு அதுவாக இருக்கலாம்.

அதே வாரத்தில் ஓரிரவு, அந்த வாலிபர் தம் தகப்பனாரிடம் கைப்பேசியைக் கொடுத்து விளையாடச் சொல்லியிருக்கிறார். அவர் மெதுவாக எழுத்துக்கூட்டித் தட்டச்சு செய்து வாசல்வரை வந்திருக்கிறார். அண்ணன் வாசலில் நிற்கிறார். நீ என்ன செய்கிறாய்? அவர் எதையும் எழுதவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நெடுநேரம் கழித்து மகனிடம், “உன் பெரியப்பாவுக்கு முட்டுவலி இப்போது எப்படி இருக்கிறதாம்?” என்று கேட்டிருக்கிறார். ஒன்பது ஆண்டுகளில் அந்த வீட்டில் அந்த உறவின் பெயர் ஒலித்தது அதுவே முதல் முறை.

பின்பு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. சென்ற ஞாயிறும் அவர்கள் இரு வேறு வரிசைகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுத என் கை துடிக்கிறது. நான்கு வரியில் கட்டித்தழுவவைக்க எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதையை முடிக்கும் உரிமை எனக்கில்லை. நான் செய்யக்கூடியது வாசல்வரை போய் நிற்பதும், மறுபடியும் போவதும்தான். வருகிற செவ்வாய்க்கிழமை தம்பி வீட்டுக்குப் போகிறேன்.

அன்பானவர்களே, இந்த வாரம் உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் குடும்பத்திலும் எவராவது ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருக்கக்கூடும். ஒருவேளை அவர் நீங்களாகவே இருக்கலாம். அந்தக் கதைக்கு உங்கள் மனத்தில் நீங்களே எழுதிவைத்திருக்கும் முடிவை இன்று அழித்துவிடுங்கள். ‘அவர் ஒருநாளும் மாறமாட்டார்’ என்பதும் நாமாக எழுதிய முடிவு. ‘எல்லாம் தானாகச் சரியாகிவிடும்’ என்பதும் நாமாக எழுதிய முடிவு. இரண்டையும் அழித்துவிட்டு, அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு அவர் பேசும்வரை பொறுத்திருங்கள்.

விருந்தை விட்டு எழுந்து வாசலுக்கு இறங்கிவந்த தகப்பனின் பொறுமை உங்கள் இல்லங்களில் தங்குவதாக. ஆமென்.